கூண்டில் வளர்த்தால் இனம் பிழைக்குமா? சிங்கப்பூர் வனவிலங்குகள் பற்றிய கேள்வி பதில்

ஈசூன் வாசகர்: சிங்கப்பூரில் காடே இல்லை. அழிவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் குரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். புக்கிட் தீமாவில் இருந்த கடைசிக் குரங்கை 1987இல் நாய்கள் கடித்துக் கொன்றன. இப்போது மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் மட்டும், நூறைத் தொடாத எண்ணிக்கையில் பிழைத்திருக்கின்றன. மரம் விட்டு மரம் தாவி வாழும் பிராணிக்கு ஒரு தார்ச்சாலையே பெரிய தடை. அதனால்தான் பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டினார்கள். லங்கூர்களும் அதில் ஏறிக் கடக்கின்றன.

பிடோக் வாசகி: ஊரிலிருந்து நட்சத்திர ஆமை கொண்டுவரலாமா? வீட்டுக்கு ராசி என்கிறார்கள்.

கூடாது. கடத்துபவர்கள் கால் அசையாதபடி டேப் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்குகிறார்கள். 2019 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கே தடை. இங்கே வீட்டில் வளர்க்க அனுமதி உள்ளவை இரண்டே வகை: ரெட் இயர்ட் ஸ்லைடர், மலாயன் பாக்ஸ் ஆமை. வாங்குபவர் இருக்கும்வரை பிடிப்பவரும் இருப்பார்.

தோ பாயோ வாசகர்: என் மாமா பல வருடமாகக் கூண்டில் பாடும் பறவை வளர்க்கிறார். காட்டில் அழிந்தாலும் வீட்டிலாவது இனம் இருக்குமே?

இருக்காது. கூண்டில் தனியாகப் பாடும் பறவைக்குச் சந்ததி ஏது? மலாய்க்காரர்கள் பாராவ் பாராவ் என்று சொல்லும் வைக்கோல் நிறத் தலை புல்புல்லைப் புலாவ் ஊபினில் காலையில் கேட்டுப் பாருங்கள். ஒன்று குரலெடுக்கும், இணை அந்தப் பாட்டுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். அந்தக் குரல்தான் அதற்கு எமனாகவும் வந்தது. தாய்லாந்தில் அது அற்றுப்போய்விட்டது. காடு நிற்கும் இடங்களில்கூடப் பறவை இல்லை, பிடித்து விற்றுவிட்டார்கள். உலகில் எஞ்சியவற்றில் கணிசமான பங்கு சிங்கப்பூரில்தான். 2022இல் இதன் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை விதிக்க முடிவானது.

அதே வாசகர்: பண்ணையில் பொரித்த குஞ்சை வாங்கினால்?

தாய் தகப்பன் எது என்று பதிவேடு வைத்து, காட்டுக்குத் திருப்பி அனுப்பும் நோக்கத்தோடு வளர்ப்பது வேறு. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சந்தைக் கூண்டில் இருப்பது பண்ணையில் பொரித்ததா, காட்டில் பிடித்ததா என்று பார்வையால் உங்களால் சொல்ல முடியுமா? அந்த மயக்கத்தில்தான் கடத்தல்காரர் பிழைக்கிறார். வாங்காதீர்கள்.

ஜூரோங் வாசகி: அப்படியானால் என் பறவையைத் திறந்துவிட்டால் புண்ணியமா?

இல்லை. கூண்டில் பழகியதற்கு இரை தேடத் தெரியாது, நோயையும் காட்டுக்குள் கொண்டுபோகும். சட்டப்படியும் குற்றம். அது சாகும்வரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் இன்னொன்று வாங்காதீர்கள்.

வேறொருவர்: கிளி மட்டும் வாங்கலாமா?

மேலே தோ பாயோ வாசகருக்குச் சொன்னதுதான்.

செங்காங் வாசகர்: குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்தால் என்ன தப்பு?

அது குற்றம், அபராதம் உண்டு. கொடுக்காதீர்கள்.

மண்டாய் வாசகி: கடற்பசு பற்றிச் சொல்லுங்கள். எறும்புதின்னியின் (பாங்கோலின்) செதிள் உண்மையில் மருந்தா?

கடலைப் பற்றிக் கடல் ஆய்வாளர்களைக் கேளுங்கள். செதிள் மருந்தே இல்லை. அது வெறும் கெரட்டின், நம் நகத்தில் இருப்பதும் அதுதான். 2019 ஏப்ரலில் நைஜீரியாவிலிருந்து வியட்நாம் போன இரண்டு கொள்கலன்களில் 25 டன்னுக்கு மேல் செதிள் இங்கே சிக்கியது. உங்கள் பக்கம் சாலையோரம் அடிபட்ட எறும்புதின்னியைப் பார்த்தால் தூக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். தள்ளி நின்று உடனே தேசியப் பூங்காக் கழகத்துக்குப் போன் செய்யுங்கள்.