டிசம்பர் பூவுக்குப் பேர் கொடுத்த துறவி: ஷார்ல் ப்ளூமியே கேள்வி பதில்

ஈழத்தலரியைத் தாவரவியலில் ப்ளூமீரியா என்பார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஷார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி இருக்கிறார் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ப்ளூமீரியா என்று தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டாரா சார்?

இல்லை, பாவம். அதை வைத்தவர் அவருடைய நண்பர் தூர்னஃபோர், அவரும் தாவரவியலாளர்தான். இளவயதில் இருவரும் தெற்கு பிரான்சில் சேர்ந்து செடி தேடி அலைந்தவர்கள். ப்ளூமியே மற்றவர்கள் பெயரைத்தான் வைத்துக்கொண்டே போனார். 1703-இல் வந்த அவருடைய லத்தீன் நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய அமெரிக்கப் பேரினங்கள் (நெருங்கிய உறவுள்ள செடியினங்களின் கூட்டங்கள்) இருக்கின்றன. அவற்றில் ஏகப்பட்டவை பழைய தாவரவியலாளர்களின் பெயரைத் தாங்கியவை. ஃபூக்சியா என்பது ஃபூக்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் பெயர். அந்த மனிதர் இறந்து 80 வருடம் கழித்துத்தான் ப்ளூமியே பிறந்தார்.

நம் ஊரில் தெரிந்த செடி எதற்காவது அவர் வைத்த பெயர் இருக்கிறதா அண்ணா?

நிறைய. மார்கழியில் தலையில் வைக்கும் டிசம்பர் பூ பார்லேரியா பேரினம். பாரெலியே என்ற டொமினிக்கன் துறவியின் பெயர் அது. வள்ளிக்கிழங்குகளின் டயஸ்கோரியா, கூவைக்கிழங்கின் மராண்டா, நறுவிலியின் கார்டியா எல்லாம் இவர் கைவரிசைதான்.

எனக்குப் பிடித்தது பௌஹீனியா. மந்தாரையும் ஆத்தியும் இதில் அடக்கம். சோழர்கள் சூடிய ஆத்திதான்! பௌஹீன் என்ற இரண்டு சகோதரர்கள், இருவருமே தாவரவியலாளர்கள். அவர்கள் நினைவாக வைத்த பெயர். இந்தச் செடிகளின் இலை நடுவில் பிளந்து இரண்டாக நிற்கும் அல்லவா, அது அந்தச் சகோதரர்களுக்குப் பொருத்தம் என்று பிற்பாடு லின்னேயஸ் எழுதினார், செடிகளுக்கு இன்றைய அறிவியல் பெயர் முறையைத் தந்த ஸ்வீடன்காரர். இரட்டை இலை என்றதும் வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. ப்ளூமியே கண்டது கரீபியன் செடியை. ஆத்தியை அவர் பார்த்ததே இல்லை. பேரினம் ஒன்று என்பதால் பெயர் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது.

நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கடைசல் பற்றிப் புத்தகம் எழுதிய ஒரு ப்ளூமியே உண்டே, அவர் வேறு ஆளா?

அதே ஆள்தான்! மார்செய் நகரில் 1646-இல் பிறந்தவர், 16 வயதில் மினிம் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையில் சேர்ந்தார். அங்கே கணிதமும் படித்தார், மரத்திலும் தந்தத்திலும் கடைசல் வேலையும் கற்றார். சபை அவரை ரோமுக்கு அனுப்பியது. அங்கேதான் போக்கோனே என்ற சிசிலித் தாவரவியலாளரிடம் செடிப் பைத்தியம் பிடித்தது. கடைசல் ஆசை அதற்காகப் போய்விடவில்லை. மூன்று முறை கடல் கடந்து வந்த பிறகும், 1701-இல், படங்களோடு அந்தப் புத்தகத்தை வெளியிட்டார். உங்கள் பட்டறை ஆட்களிடம் தாராளமாகப் பெருமையடித்துக்கொள்ளலாம்.

அவர் எங்கெல்லாம் போனார்?

1689, 1693, 1695 என மூன்று முறை கரீபியன் தீவுகளுக்கு. முதல் தடவை சூரியன் என்ற மார்செய் மருத்துவருக்குத் துணையாகப் போனார். (பிரெஞ்சுப் பெயர்தான், நம் சூரியன் இல்லை.) அப்புறம் பதினான்காம் லூயி இவரையே அரச தாவரவியலாளர் ஆக்கிவிட்டார்.

கேமரா இல்லாத காலத்தில் அவர் சொன்னதை எப்படி நம்பினார்கள்?

வரைந்து வைத்தார். சுமார் 6,000 படங்கள். அவருடைய பலம் இங்கேதான் என்பேன், பெயர் சூட்டியதில் இல்லை. பூவைப் பிரித்து, காயை அறுத்து, விதையைத் தனியே எடுத்து வரைகிற கை. லின்னேயஸ் கரீபியன் பக்கமே போகாதவர். அங்குள்ள பல செடிகளுக்கு அவர் நம்பியது ப்ளூமியேயின் படங்களைத்தான். ஒரு பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்பதற்கு வழக்கமாக உலர்த்தி வைத்த மாதிரிச் செடிதான் ஆதாரம்; பல இனங்களுக்கு இன்றும் அது இல்லை. இவருடைய படம்தான் ஆதாரம்.

செண்பகத்தை இப்போது மக்னோலியா என்கிறார்களே, அதுவும் இவரா?

பெயர் இவருடையதுதான், மோன்பெலியே நகர மக்னோல் நினைவாக. மார்த்தினிக் தீவில் கண்ட ஒரு மரத்துக்கு வைத்தார். லின்னேயஸ் அதை வட அமெரிக்க மரங்களுக்கும் நீட்டினார். செண்பகம் ரொம்ப நாள் மிச்சேலியா என்று தனியாக இருந்து, அண்மையில்தான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது. லொபேலியா கதை இன்னும் மோசம். ப்ளூமியே அப்படி அழைத்த கடற்கரைச் செடிக்கு இன்று வேறு பெயர். அவர் வைத்த பெயர் வேறு செடிகளுக்குப் போய்விட்டது.

எப்படி இறந்தார்?

மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான சின்கோனா மரத்தைப் பார்க்க பெரு நாட்டுக்குக் கிளம்பினார். கப்பலுக்காக ஸ்பெயினில், காதிஸ் அருகே புவெர்த்தோ தெ சாந்தா மரியாவில் இருந்தபோது 1704-இல் நோயில் இறந்தார். பெரணிகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் மறு வருடம்தான் வெளிவந்தது.

இந்தியாவுக்கு வந்தாரா ஐயா?

வரவில்லை. ஆனால் மலபார் செடிகளைப் பற்றி 12 தொகுதிகள் வெளியிட்ட டச்சு ஆளுநர் வான் ரீடுக்கு மரியாதையாக ஒரு கரீபியன் மரத்துக்கு வான்ரீடியா என்று பெயர் வைத்தார். லின்னேயஸ் அதை ரீடியா என்று சுருக்கினார். இப்போது அதையும் கார்சினியாவோடு சேர்த்துவிட்டார்கள், நம் குடம்புளி இருக்கிற அதே பேரினத்தில்.