துக்கம் விசாரிக்கச் சுற்றுலாவா?

கேள்வி: பசிபிக் கடலில் துவாலு என்ற குட்டி நாடு மூழ்கிக்கொண்டிருக்கிறதாமே? அது காணாமல் போவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கும் என் கணவருக்கும் ஆசை. போகலாமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: தாராளமாகப் போங்கள். அந்தக் 'காணாமல் போவதற்குள்' என்பதை மட்டும் கும்பகோணத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். படுக்கையில் கிடப்பவர் காதுபட "இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்கிற உறவுக்காரரை நீங்கள் வீட்டுக்குள் விடுவீர்களா? அங்கே சுமார் 11,000 பேர் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 1971 முதல் 2014 வரை எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்த்த நியூசிலாந்து ஆய்வாளர்கள், துவாலுவின் நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். அலை ஒரு கரையை அரிக்கிறது, இன்னொரு கரையில் மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அப்படியானால் பயமே இல்லையா என்றால், அதுவும் இல்லை. பவளப்பாறைத் தரை சல்லடை மாதிரி. பெரிய ஓதம் (கடல் ஏற்றம்) வரும் நாளில் கடல் கரை தாண்டி வருவதற்கு முன்பே காலடியில் ஊறி வந்துவிடும். 'புலாக்கா' என்று ஒரு கிழங்கு, நம் சேம்புக்குச் சொந்தம். தரைக்கடியில் இருக்கும் நல்ல தண்ணீர் எட்டும்வரை குழி தோண்டி, இலைதழை உரம் போட்டு வளர்ப்பார்கள். அந்தக் குழியில் உப்பு ஏறினால் கிழங்கு அழுகிவிடும். வரைபடத்தில் தீவு அப்படியே இருக்கும், சாப்பாடு போய்விடும்.

குடிக்க மழைத் தண்ணீர்தான், கூரையிலிருந்து தொட்டிக்கு. 2011-ல் மழை பொய்த்து நெருக்கடி நிலை அறிவித்தபோது, தலைநகர் ஃபுனாஃபுட்டியில் ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு இரண்டு வாளி என்று அளந்து கொடுத்தார்கள். நாளுக்கு இரண்டு குளியல் போடும் விருந்தாளி இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஃபிஜி போய், அங்கிருந்து விமானம் மாற வேண்டும். வழியில் நாந்தி ஊரில் நம்மவர்கள் கட்டிய முருகன் கோவில் இருக்கிறது, கும்பிட்டுவிட்டுப் போங்கள். ஃபுனாஃபுட்டி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் போட்டது. சாயங்காலமானால் பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு மைதானம். விமானம் வருவதற்கு முன் சைரன் ஊதும். எல்லோரும் ஓரம் கட்டுவார்கள். புழுக்கமான இரவுகளில் பாயோடு வந்து அங்கேயே படுப்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ, பார்க்க வேண்டியது இதைத்தான்.

செலவுக்கு ஆஸ்திரேலிய டாலரை நோட்டாகவே எடுத்துப் போங்கள். அந்த நாட்டுக்கு முதல் ஏ.டி.எம். வந்ததே 2025 ஏப்ரலில்தான்.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. ஆண்டுக்கு 280 பேர் குடியேறலாம் என்று ஆஸ்திரேலியா கதவைத் திறந்ததும், குடும்பத்தாரையும் சேர்த்தால் நாட்டில் ஐந்தில் நான்கு பேர் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆகவே அங்கே யாரிடமும் "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டு வைக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் படங்கள் அனுப்புங்கள், போடுகிறோம். 'மூழ்கும் தீவில் நாங்கள்' என்று தலைப்பு எழுதி அனுப்பினால் குப்பைத்தொட்டிதான்.