எண்ணெய் விடாத பழைய செயின்சா: பம்பை மாற்றுவதற்கு முன்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் நான்கு ஏக்கர் பால்மரமும் இரண்டு ஏக்கர் செம்பனையும் வைத்திருக்கிறேன். பட்டுப்போன மரங்களை அறுக்க 15 ஆண்டுகளாக ஒரே செயின்சாவைத்தான் பயன்படுத்துகிறேன். இப்போது தொடக்கத்தில் சில நிமிடங்கள் சங்கிலிக்கு எண்ணெய் வருகிறது. பிறகு நின்றுபோய், சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடான பாரிலிருந்து புகை கிளம்புகிறது. தொட்டியில் எண்ணெய் அப்படியே இருக்கிறது. பம்ப் போய்விட்டது என்று பட்டறையில் சொல்கிறார்கள். நானே பார்க்க வழியுண்டா?

பதில்: ஐயா, பம்புக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். ‘தொடக்கத்தில் வருகிறது, பிறகு நிற்கிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பதே முக்கியமான தடயம். பம்ப் முழுவதும் பழுதாகியிருந்தால் முதல் நிமிடத்திலும் எண்ணெய் வந்திருக்காது. எண்ணெய் வெளியேற வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் காற்று தொட்டிக்குள் நுழைய வேண்டும். அதற்கென உள்ள சிறு காற்றுத் துளை தூசியால் அடைபட்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் அசையாது. எண்ணெய் நின்றவுடன் எஞ்சினை அணைத்து, தொட்டி மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். காற்று ‘உஸ்’ என்று உள்ளே இழுக்கப்பட்டு, மூடியை மறுபடி பூட்டியதும் சில நிமிடங்களுக்கு எண்ணெய் வந்தால், அடைப்பு அந்தத் துளையில்தான். அதை மண்ணெண்ணெயில் நனைத்துக் கழுவி ஊதிவிட்டாலே போதும். கம்பியால் குத்தினால் உள்ளிருக்கும் சிறு வால்வு கெட்டுவிடும்.

மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லையென்றால், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுப் பாரையும் சங்கிலியையும் எடுத்துவிடுங்கள். பார் உட்காரும் இடத்தில் எண்ணெய் வெளிவரும் ஒரு பொட்டுத் துளை தெரியும். செம்பனைத் தண்டை அறுத்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே: ஈரமான நார் எண்ணெயோடு கலந்து, கம்பளித் துண்டு போல அழுந்திக் கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்து, பாரில் உள்ள எண்ணெய்த் துளைகளையும், பாரில் சங்கிலி ஓடும் பள்ளமான காடி முழுவதையும் பழைய ஹேக்சா பிளேடால் வழித்துவிடுங்கள். பிறகு வயரைப் பூட்டி, பார் இல்லாமலே எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டால் துளையில் எண்ணெய் ஊறிவர வேண்டும். ஊறினால் குறை பாரில் இருந்தது. ஊறாவிட்டால் உள்ளே போகவேண்டும். சில வகைகளில் சங்கிலியைச் சுழற்றும் வேகத்தில் மட்டுமே பம்ப் இயங்கும் என்பதால், எஞ்சின் மெதுவாக ஓடும் வெறும் ஐடிலில் சோதித்துவிட்டு ஏமாறக்கூடாது.

உள்ளே போனால் முதலில் பார்க்க வேண்டியது தொட்டிக்குள் உள்ள ரப்பர் குழாயும் அதன் முனையில் உள்ள வடிகட்டியும். வளைத்த கம்பியால் அவற்றை மூடி வழியாகவே வெளியே இழுக்கலாம். வடிகட்டியைக் கழுவிவிட்டு, குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். 15 ஆண்டுப் பழைய ரப்பர், பம்போடு சேரும் முனையில்தான் முதலில் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். நானும் ஒருமுறை புதுப் பம்பை வாங்கிப் பூட்டிய பிறகுதான் குழாயில் நகக்கீறல் அளவு வெடிப்பு இருந்ததைக் கண்டேன். கழற்றிய பழைய பம்ப் இன்னும் நல்ல நிலையில் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

குழாயும் சரியென்றால் மட்டும், எஞ்சின் விசையைச் சங்கிலிக்குக் கடத்தும் கிளட்சைக் கழற்றுங்கள். பெரும்பாலான செயின்சாக்களில் கிளட்சுக்கு இடதுமரை இருப்பதால், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பிஸ்டன் அசையாதிருக்க, அது மேலேறிப் புகைவாயை மூடிய பிறகு, ஸ்பார்க் பிளக் துளை வழியே கொஞ்சம் கயிற்றைத் திணித்துக்கொள்ளுங்கள். முன்னதாகத் திணித்தால் கயிறு புகைவாயில் சிக்கும். கிளட்சுக்குப் பின்னே பம்பைச் சுழற்றும் சிறு திருகுப் பல்சக்கரம் இருக்கும். பல வகைகளில் அது பிளாஸ்டிக்கால் ஆனது. சங்கிலி பிரேக் போட்டிருப்பதை மறந்து த்ராட்டிலை அழுத்தும்போது கிளட்ச் டிரம் சூடேறி அதன் பற்களை உருக்கிவிடும். பற்கள் மழுங்கியிருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள், பம்பைவிட மலிவு. எண்ணெய் அளவைக் கூட்டும் திருகு உங்கள் வகையில் இருந்தாலும், இவை எல்லாம் சரியான பிறகே அதைத் தொடுங்கள்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. லோரியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றும் வழக்கம் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. அதிலுள்ள உலோகத்தூள் பம்பை அரிக்கும். தோலுக்கும் மண்ணுக்கும் கேடு. பாருக்கென்று விற்கும் ஒட்டும் தன்மையுள்ள எண்ணெயே நல்லது. கிடைக்காத நாளில் புதிய எஸ்ஏஇ 30 எஞ்சின் எண்ணெய் தாங்கும். சமையல் எண்ணெய் அன்றைய வேலைக்கு உதவினாலும், வாரக்கணக்கில் நின்றால் பிசினாகிக் குழாயை அடைக்கும்.

பழுது நீங்கியதும் பாரின் நுனியை வெட்டிய அடிமரத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்து வேகமாக ஓட்டுங்கள். மரத்தில் எண்ணெய்க் கோடு விழவேண்டும். பெட்ரோல் தீரும்போது எண்ணெய்த் தொட்டியில் கொஞ்சம் மீதமிருப்பதே சரியான அளவு. புகைந்த பாரின் ஓரம் நீலம் பாய்ந்து, காடி அகன்று சங்கிலி பக்கவாட்டில் ஆடினால், அந்தப் பாரை இனி நம்பவேண்டாம்; புதிதாக ஒன்றை வாங்கிவிடுங்கள்.