மேசைமேல் வைத்த காகிதம்

அன்புள்ள ஐயா,

முப்பது வருஷம் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் மகள் சிகாகோவில் ஒரு கம்பெனியில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. மீட்டிங்கில் அவள் சொன்ன யோசனையைக் கேட்டுவிட்டு மேலாளர், "லெட்ஸ் டேபிள் இட்" என்றாராம். மறுநாள் விவாதத்துக்கு எடுக்கப்போகிறார்கள் என்று நம்பி ராத்திரி முழுக்கக் கண்விழித்துத் தயார் செய்திருக்கிறாள். மறுநாள் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 'இப்போதைக்குத் தள்ளி வைப்போம்' என்பதுதான் அங்கே அதற்கு அர்த்தம் என்று பக்கத்து சீட்டுப் பெண் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. "நீதானேம்மா சொல்லிக்கொடுத்தே" என்று போனில் கேட்கிறாள். நான் தப்பாகவா சொல்லிக்கொடுத்தேன்?

எம்., கும்பகோணம்

அன்புள்ள எம்.,

தப்பே இல்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்தது லண்டனிலும் டெல்லியிலும் செல்லுபடியாகும் அர்த்தம். நம் பேப்பரில் மசோதா 'தாக்கல்' ஆனது என்று வந்தால், ஆங்கிலப் பேப்பரில் அது 'டேபிள்ட்'. அமெரிக்காவில் அதே சொல் தலைகீழ். அவர்களுடைய பிரதிநிதிகள் சபையில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்ய வாக்களித்துவிட்டால் அதோடு அதன் கதை முடிந்தது. ஆபீஸ் பேச்சில் அவ்வளவு கடுமை கிடையாது, பிறகு பார்க்கலாம் என்ற அளவுதான்.

இரண்டு அர்த்தமும் கிளம்பியது ஒரே காட்சியிலிருந்து. ஒரு காகிதத்தை மேசைமேல் வைக்கிறார்கள். எல்லாரும் பார்க்கட்டும் என்று நடுவில் வைத்தால் பிரிட்டன். கையை எடுத்துவிட்டு, அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டால் அமெரிக்கா.

உங்கள் மகளுக்கு முன்னால் பெரிய பெரிய தளபதிகளே இதில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அவசரக் குறிப்பைக் கொண்டுவந்து, இதை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். அமெரிக்க அதிகாரிகள் கூடவே கூடாது என்றார்கள். நெடுநேரம் காரசாரமாக வாக்குவாதம் நடந்தபிறகுதான் இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றையேதான் என்று புரிந்ததாம். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார்.

தென்னாப்பிரிக்காவில் வழி கேட்டால், "ரோபோவில் இடது பக்கம் திரும்புங்கள்" என்பார்கள். அங்கே சிக்னல் விளக்குக்கு அதுதான் பெயர். கேட்டதுமே திடுக்கிட்டு, எந்த ரோபோ என்று கேட்டுவிடுவோம், பிரச்சினை தீர்ந்தது. 'டேபிள்' அப்படித் திடுக்கிட வைப்பதில்லை. பேசியவருக்கும் புரிகிறது, கேட்டவருக்கும் புரிகிறது, இரண்டும் வேறு வேறாக. அதனால்தான் ஒரு ராத்திரித் தூக்கம் போனது.

'பில்லியன்' இதைவிட மோசம். பழைய பிரிட்டிஷ் கணக்கில் அது லட்சம் கோடி, அமெரிக்கக் கணக்கில் நூறு கோடி. பிரிட்டிஷ் அரசு அமெரிக்கக் கணக்குக்கு மாறியது 1974இல். அதற்கு முந்தைய புத்தகத்தைக் கையில் எடுத்தால், அது எந்த ஊரில் அச்சானது என்று பார்க்காமல் நான் எண்ணைத் தொடுவதில்லை.

மொழிபெயர்ப்பாளனாக நானே சறுக்கிய இடம் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமத்தைப் பற்றிய ஒரு புத்தகம். 'கார்ன்' என்று வந்த இடமெல்லாம் மக்காச்சோளம் என்று போட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் விவசாயக் குடும்பத்துப் பெரியவர். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'அரிவாளால் அறுத்து, கட்டாகக் கட்டி, களத்தில் அடித்துத் தூற்றுகிறார்களே, இது மக்காச்சோளமா?' அவர் அகராதியைத் தொடவே இல்லை. வேலையைப் பார்த்தார், பயிரைச் சொல்லிவிட்டார். இங்கிலாந்தில் 'கார்ன்' என்றால் தானியம், பெரும்பாலும் கோதுமை. ஸ்காட்லாந்துப் பக்கம் ஓட்ஸ். அமெரிக்காவில் குடியேறியவர்கள் அங்கிருந்த மக்காச்சோளத்தை 'இந்தியன் கார்ன்' என்று அழைத்து, அப்புறம் 'இந்தியன்' உதிர்ந்துபோய் 'கார்ன்' மட்டும் நின்றது. வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட, 1846இல் பிரிட்டன் ரத்து செய்த 'கார்ன்' சட்டங்களை மக்காச்சோளச் சட்டம் என்று எழுதினால் சரித்திரமே மாறிவிடும். அன்றிலிருந்து சந்தேகமான சொல் வந்தால் அதைச் சுற்றி ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

நமக்கு இது புதிதும் இல்லை. 'அவசரம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சமஸ்கிருதத்தில் அது வாய்ப்பு. மலையாளத்தில் இன்றும் வாய்ப்புதான். தெலுங்கில் தேவை. நமக்கோ பரபரப்பு. இதில் யார் அர்த்தம் சரி என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. மலையாளியிடம் பேசும்போது கொஞ்சம் கவனமாக இருக்கிறோம், அவ்வளவுதான். அந்த உரிமையை ஆங்கிலச் சொற்களுக்கும் கொடுக்கலாம்.

மகளிடம் இன்னொரு சொல்லையும் சொல்லி வையுங்கள். நம் வகுப்பில் 'டவுட்' என்றால் கேள்வி. 'சந்தேகம் கேட்கிறேன்' என்ற தமிழ்தான் உள்ளே நின்று அப்படிப் பேச வைக்கிறது. நம் ஊரில் அது முழுக்கச் சரியான ஆங்கிலம். சிகாகோவில் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று ஆரம்பித்தால், நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை என்று எதிராளி காதில் விழலாம். அங்கே 'கொஸ்டின்' போதும்.

அப்புறம், அந்த ராத்திரி தயார் செய்ததைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். தள்ளி வைத்ததை அவர்கள் திரும்ப எடுக்கும் நாளில் அவள் கையில் எல்லாம் தயாராக இருக்கும்.