மைத்துனர் கொண்டுவந்த சிக்னல் பூஸ்டரும் ஒரு வழக்கு மிரட்டலும்

கேள்வி: வாடகைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கணக்கு எழுதிக் கொடுக்கும் சிறு அலுவலகம் வைத்திருக்கிறேன். உள்ளே செல்போன் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது, யாரிடமாவது பேச வேண்டுமென்றால் வாசலுக்கு ஓட வேண்டும். கம்பெனிக்கு நாலைந்து முறை போன் செய்து சொல்லியும் பலனில்லை. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், அங்கே சாதாரணமாக விற்கிறது என்று சொல்லி ஒரு சிக்னல் பூஸ்டர் கொண்டுவந்து கொடுத்தார். மாட்டி ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் செல்போன் கம்பெனி ஆட்கள் வந்து, "இதனால் ஏரியா முழுக்கத் தொந்தரவு, கழற்றாவிட்டால் கேஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தன் அழைப்புகள் பாதியில் அறுந்துபோவதாக மாடியில் இருக்கும் டாக்டரும் சண்டைக்கு வருகிறார். என் அலுவலகத்துக்குள் நான் மாட்டிய பொருள் குற்றமா? சிக்னல் தராத கம்பெனி மேல் நான் கேஸ் போட முடியாதா?

பதில்: முதலில் அதன் பிளக்கைப் பிடுங்குங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். வந்தவர்கள் உங்களைச் சும்மா மிரட்டவில்லை.

அலுவலகம் உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் அந்தக் கருவி பேசுகிற அலைவரிசை உங்களுடையது அல்ல, அதை அரசாங்கம்தான் செல்போன் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்து ஒதுக்கியிருக்கிறது. 1933-ம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் தாத்தா காலத்து ரேடியோப் பெட்டிதான் நினைவுக்கு வரும், ஆனால் அதன் 3-வது பிரிவு உரிமம் இல்லாமல் இத்தகைய கருவியை 'வைத்திருப்பதையே' தடை செய்கிறது. கவனியுங்கள், பயன்படுத்தினால்தான் குற்றம் என்றில்லை, வைத்திருந்தாலே போதும். பூஸ்டர்போல அலைபரப்பும் கருவியாக இருந்தால் 6-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அபராதத் தொகையைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள், சிறை என்ற வார்த்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்த 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் 2024 ஜூன் முதல் பகுதி பகுதியாக அமலுக்கு வரத் தொடங்கியது. அதிலும் ரேடியோ கருவி வைத்திருக்க அரசின் அனுமதி வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. போதாக்குறைக்கு, உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் மொபைல் பூஸ்டரையோ ரிப்பீட்டரையோ வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் பொதுமக்களுக்கு அறிவிப்பே கொடுத்தது. ஆகவே 'ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கிறதே' என்ற வாதம் எடுபடாது. விற்பவரும் குற்றம் செய்கிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

உங்கள் மைத்துனர் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் அவர்களுடைய தொலைத்தொடர்பு ஆணையம் 2013-ல் விதி வகுத்து, குறிப்பிட்ட தரத்துக்குள் வரும் பூஸ்டரை, செல்போன் கம்பெனியின் சம்மதத்தோடும் பதிவோடும் வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதித்தது. அந்த அனுமதி அந்த நாட்டோடு முடிந்தது. அதோடு இன்னொரு வில்லங்கமும் உண்டு, வழக்கென்று வந்தால் இது உங்களுக்கு எதிராகப் போகும். அந்த ஊரில் 1930 முதல் 1990 மெகாஹெர்ட்ஸ் வரை டவரிலிருந்து போனுக்கு வரும் பாதை. இங்கே 1920 முதல் 1980 வரை, 2100 பேண்ட் என்று சொல்லப்படும் அலைவரிசைத் தொகுப்பில், போனிலிருந்து டவருக்குப் போகும் பாதை. அதாவது அமெரிக்க அலைவரிசைக்காகச் செய்த பெட்டி இங்கே ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் ஓட்டுகிற வண்டி மாதிரி. பூஸ்டர் என்பது ஒரு ஆன்டெனாவில் சிக்னலை வாங்கி, பெருக்கி, இன்னொன்றில் விடுகிற பெட்டி. வெளியே இருக்கும் ஆன்டெனாவும் உள்ளே இருக்கும் ஆன்டெனாவும் போதிய இடைவெளி இல்லாமல் இருந்தால், மேடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கீச்சென்று கத்துமே, அதே கதை இங்கேயும் நடக்கும். காதுக்குத்தான் கேட்காது. டவருக்குக் கேட்கும், மாடி டாக்டரின் போனுக்கும் தெரியும். அவர் சண்டைக்கு வருவதில் நியாயம் இருக்கலாம். அவரிடம் போய்க் கழற்றிவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கழற்றிய பெட்டியைப் பரணில் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள், வைத்திருப்பதுதான் குற்றம் என்று மேலே சொன்னேன். பழைய பொருள் விற்கிற செயலியில் போட்டுக் காசாக்கப் பார்ப்பது அதைவிட மோசம். இப்போதைக்கு வந்தவர்கள் கம்பெனி ஆட்கள் மட்டும்தான், துறையிலிருந்து எழுத்தில் எதுவும் வரவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அப்படியானால் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரை வைத்து, கழற்றிய தேதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, கருவியைத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் ஒப்படைத்து ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. அந்தக் கடிதத்தை நீங்களே எழுத வேண்டாம், ஆர்வக்கோளாறில் தேவையில்லாததையெல்லாம் ஒப்புக்கொண்டுவிடுவீர்கள்.

சரி, இனி உங்கள் பக்கத்து நியாயம். கேஸ் போட முடியும். முன்பெல்லாம் 2009-ன் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, தொலைபேசிப் புகார் நுகர்வோர் மன்றத்துக்கு வரக்கூடாது என்று கம்பெனிகள் தப்பித்தன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே, செல்போன் கம்பெனிமேல் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் முட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் இரண்டு இருக்கின்றன. நுகர்வோர் சட்டம் 'வணிக நோக்கத்துக்காக' சேவை பெறுபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் அந்த விலக்குக்குள் வருவீர்கள் என்றே நினைக்கிறேன், ஆனாலும் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறதா, நிறுவனத்தின் பெயரில் மொத்தமாக எடுத்த கார்ப்பரேட் திட்டமா என்று முதலில் பாருங்கள். பின்னதாக இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் வாதம் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது இன்னும் கடினம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்திருக்கும் சேவைத் தர அளவுகோல்கள் டவர்களின் செயல்பாட்டை வைத்துக் கணக்கிடப்படுபவை. உங்கள் அறைக்குள், கான்கிரீட் சுவருக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடிக்கும் பின்னால் சிக்னல் வந்தே தீர வேண்டும் என்று அவை சொல்வதில்லை. ஆகவே 'உள்ளே எடுக்கவில்லை' என்பதை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் தோற்கத்தான் வாய்ப்பு அதிகம். கம்பெனி தன் இணையதளத்தின் கவரேஜ் வரைபடத்தில் உங்கள் இடத்தை நன்றாக எடுக்கும் என்று காட்டியிருந்தால் அதைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். வாசலில்கூடச் சரியாக எடுக்கவில்லை என்றால் அதைக் குறித்து வையுங்கள். புகாருக்குப் பதிலே சொல்லவில்லை என்பதும் சேவைக் குறைபாடுதான். அழைப்பு அறுந்தால் ஒரு ரூபாய் நஷ்டஈடு என்று டிராய் ஒருமுறை விதி போட்டது, அதை 2016-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, அதனால் தானாகக் காசு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

'நாலைந்து முறை போன் செய்தேன்' என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் கொடுத்த டாக்கெட் நம்பர், அதாவது புகாரைப் பதிவு செய்த எண், இருக்கிறதா? இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் புகாரே செய்யவில்லை. இன்றைக்கே மறுபடி புகார் செய்து எண்ணை வாங்குங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், கட்டணம் கிடையாது, அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதன்பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கேயும் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பூஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் செய்தால், 'இவர் கருவியால்தான் சிக்னலே கெட்டது' என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் உங்களை முடித்துவிடும்.

வழக்குக்கு நடப்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், அலுவலகத்தில் பிராட்பேண்ட் இருக்கிறதா? இருந்தால் போனின் அமைப்பில் வைஃபை காலிங் என்பதை ஆன் செய்து பாருங்கள். அதே எண், அதே அழைப்பு, டவருக்குப் பதில் உங்கள் வைஃபை வழியாகப் போகும். சாதாரண வைஃபை ரவுட்டருக்கு நீங்கள் உரிமம் எதுவும் வாங்க வேண்டாம். இல்லையென்றால் பக்கத்து இடத்துக்காரர்களின் போனில் எந்தக் கம்பெனி நன்றாக எடுக்கிறதோ அதற்கு உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், 1900-க்கு ஒரு குறுஞ்செய்தியில் வேலை ஆரம்பித்துவிடும். ரிப்பீட்டர்தான் வேண்டும் என்றால் அதைக் கம்பெனியே வந்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அவர்கள் வைத்தால் அது சட்டப்படி சரி. கட்டட உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி அந்தக் கடிதத்தோடேயே இணைத்து அனுப்பினால், 'ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார்' என்று சொல்லி அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.