மூலிகைச் சாறு கிருமியைக் கொல்லுமா? கேள்வி பதில்

பேராதனைப் பக்கம் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், ஊர் ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டம். மூலிகைச் சவர்க்காரம், கிறீம் செய்கிறவர்களும் உயர்தர மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உயர்தர மாணவர், ஹட்டன்: அண்ணா, வெற்றிலையை எத்தனோலில் ஊறவைத்து எடுத்த சாற்றை, பற்றீரியா பூசிய ஏகர் தட்டில் (கிருமி வளர்க்கிற ஜெலித் தட்டு) குழி வெட்டி விட்டோம். சுற்றிவர 15 மில்லிமீற்றருக்குப் பற்றீரியா வளராத தெளிந்த வட்டம் வந்தது. கிருமியைக் கொல்லும் என்று எழுதலாமா?

தம்பி, நல்ல வேலை. ஆனால் அவசரப்பட வேண்டாம். வெறும் எத்தனோலை இன்னொரு குழியில் விட்டுப் பார்த்தீர்களா? நான் படிக்கிற காலத்தில் ஆடாதோடைச் சாற்றில் அழகான வட்டம் வந்தது என்று ஒரு கிழமை சந்தோசமாகத் திரிந்தேன், அப்புறம் பார்த்தால் வெறும் எத்தனோல் விட்ட குழியைச் சுற்றியும் கிட்டத்தட்ட அதே வட்டம். அன்றிலிருந்து சாற்றை முழுதாக உலர்த்தி எடைபோட்டு, திரும்பக் கரைத்துத்தான் தட்டில் விடுகிறேன், கரைப்பானுக்கும் தனிக் குழி உண்டு.

அடுத்தது, தட்டில் எவ்வளவு பற்றீரியா பூசினீர்கள் என்பது. பற்றீரியாக் கலங்கலை 0.5 மக்ஃபார்லண்ட் (கலங்கல் எவ்வளவு என்று காட்டுகிற அளவுகோல்) அளவுக்குச் சரிபார்க்க வேண்டும், அதாவது ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறைய 15 கோடி பற்றீரியா. குறைவாகப் பூசினால் வட்டம் தானாகவே பெரிதாகும். ஏகர் தடிப்பும் 4 மில்லிமீற்றரில் நிற்க வேண்டும். இன்னொன்று, நீரில் கரைகிற பொருள் ஏகருக்குள் ஓடிப் பரவும், கராம்பு எண்ணெய் போன்றது குழிக்குப் பக்கத்திலேயே தேங்கி நிற்கும். ஆகவே இரண்டு மூலிகைகளின் வட்டங்களை அளந்து எது பலசாலி என்று சொல்ல முடியாது. அதற்கு 96 குழித் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக ஐதாக்கிக்கொண்டே போய், எந்தச் செறிவு வரைக்கும் வளர்ச்சி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ரெசசூரின் சாயம் விட்டால் உயிரோடு இருக்கிற குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும், கண்ணாலேயே தெரியும். அப்போதும் "கொல்லும்" என்று எழுதாதீர்கள், "வளர்ச்சியைத் தடுக்கிறது" என்பதுதான் சரி. கொன்றதா என்று அறிய, நீலமாக நின்ற குழியிலிருந்து ஒரு துளி எடுத்துப் புதுத் தட்டில் பூசிப் பார்க்க வேண்டும்.

சவர்க்காரம் செய்கிறவர், பண்டாரவளை: தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தில் மஞ்சளும் வேப்பிலைச் சாறும் சேர்க்கிறேன். கிருமிநாசினி என்று லேபல் அடிக்கலாமா?

அடிக்காதீர்கள் அக்கா. மஞ்சள் சேர்த்ததும் கலவை சிவந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள், அது சவர்க்காரத்தின் காரத்தில் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நிறம் மாறுவது, அந்தக் காரத்திலேயே அது சிதைந்தும் போகும். தட்டில் சாறும் பற்றீரியாவும் 18 மணித்தியாலம் சேர்ந்து கிடக்கின்றன, கையில் உங்கள் சவர்க்காரம் இருப்பது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் அழுக்கோடு கிருமியைக் கழுவி இறக்குவது சவர்க்காரமே. 2016இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, டிரைக்குளோசான் என்ற கிருமிநாசினி உட்பட 19 சேர்மானங்களைப் பொதுமக்களுக்கான கிருமிநாசினிச் சவர்க்காரங்களில் நிறுத்தியது, சாதாரண சவர்க்காரத்தையும் தண்ணீரையும் விட அவை மேல் என்று கம்பனிகள் நிரூபிக்கவில்லை என்பதால். மஞ்சளை நிறத்துக்குப் போடுங்கள், தாராளமாக.

கிறீம் செய்கிறவர், பதுளை: வல்லாரைக் கிறீமுக்குப் பாதுகாப்புப் பொருள் எதுவும் போடுவதில்லை, மூலிகையே கிருமியை விடாது என்று. ஆனால் மூன்றாவது கிழமை மூடியின் உள்பக்கம் பச்சையாகப் பூஞ்சணம் வருகிறது.

தயவுசெய்து அந்தக் கிறீமை விற்பதை நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரிவது பூஞ்சணம், தெரியாமல் சூடோமோனஸ் என்ற பற்றீரியா இருக்கலாம், கீறல் உள்ள தோலிலும் கண்ணிலும் பட்டால் பெரிய பாடு. தண்ணீர் சேர்ந்த எந்தக் கிறீமும் கிருமிக்குச் சாப்பாடு, இலைச்சாறு சேர்ந்தால் சீனியும் புரதமும் கூடச் சேர்கிறது. இதற்கென்றே ஐஎஸ்ஓ 11930 என்ற சோதனை இருக்கிறது. முடிந்த பொருளுக்குள்ளேயே மூன்று பற்றீரியா, ஒரு மதுவம் (ஈஸ்ட்), ஒரு பூஞ்சணம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வேண்டுமென்றே விட்டு 28 நாள் எண்ணிக்கொண்டு போவார்கள். கடுமையான அளவுகோலின்படி 7ஆம் நாளில் பற்றீரியா ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும், பிறகு கூடவும் கூடாது. தட்டில் நல்ல வட்டம் காட்டிய சாறுகூடக் கிறீமின் எண்ணெய்க்குள் போய் ஒளிந்துகொண்டால் தண்ணீர்ப் பகுதியில் காவல் இருக்காது. அனுமதித்த அளவில் ஃபீனொக்சிஎத்தனோல் போன்ற பாதுகாப்புப் பொருள் ஒன்றைச் சேருங்கள், ஐரோப்பாவில் அதன் உச்ச அளவு 1 வீதம். அது மூலிகைக்குத் துரோகம் இல்லை.

மாத்தளை: கறுவாப்பட்டை எண்ணெய் எல்லாக் கிருமிக்கும் கேட்கிறதே, கூடுதலாக விட்டால் என்ன?

கிருமிக்குக் கேட்கும், தோலுக்கும் கேட்கும். அதிலுள்ள சின்னமல்டிகைட் ஒவ்வாமை தரக்கூடியது, ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலும் தடிக்கும். வேண்டாம்.

தலவாக்கலை: ஒரே செடிதான், போன மாதம் வேலை செய்த சாறு இந்த மாதம் செய்யவில்லை.

மழைக்காலத்து இலையும் வெயில்காலத்து இலையும் ஒன்றில்லை, கொழுந்து எடுக்கிற ஊர்க்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பறித்த நாள், இடம், நிழலில் உலர்த்தியதா வெயிலிலா, எல்லாம் கொப்பியில் எழுதுங்கள். செடியின் ஒரு கிளையை உலர்த்திப் பேராதனை தேசிய உலர்தாவரகத்தில் காட்டி இனத்தை உறுதிப்படுத்துங்கள், ஊருக்கு ஊர் ஒரே பெயரில் வேறு செடி இருக்கும்.

கொட்டகலை: இதையெல்லாம் வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

சாறு எடுப்பது, உலர்த்துவது, எடைபோடுவது வீட்டில் செய்யலாம். பற்றீரியா வளர்ப்பதை மட்டும் குசினியில் செய்யாதீர்கள், பிள்ளைகள் இருக்கிற லயத்து வீட்டில் கட்டாயம் வேண்டாம். மாதிரியைக் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடத்துக்கு அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்கச் சாறு சேர்க்காத வெறும் கிறீமையும் கூடவே அனுப்புங்கள். பாடசாலையில் செய்தால் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும், முடிந்த தட்டுகளைத் திறக்காமல் ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் பாத்திரம்) 121 பாகையில் குறைந்தது 15 நிமிடம் வைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.