போட்டியாளரை அறிவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹட்டன் வாசகர்: தேயிலைத்தூளைச் சிறு பொதிகளாக விற்கிறோம். பெரிய நிறுவனங்கள் விலையைக் குறைக்கும்போதெல்லாம் நாங்களும் குறைக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

விலையில் கை வைப்பதற்கு முன், அவர்கள் உண்மையிலேயே உங்கள் போட்டியாளர்கள்தானா என்று பாருங்கள். உங்கள் பொதி தீர்ந்துபோன நாளில் வாடிக்கையாளர் எதை வாங்கிச் செல்கிறார் என்று நான்கைந்து கடைக்காரர்களிடம் விசாரியுங்கள். விளம்பரத்தில் வரும் பெயரைவிட, கடைக்காரர் நிறுத்துக் கட்டிக்கொடுக்கும் பெயரில்லாத தூளே உங்கள் விற்பனையைப் பறித்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்து, அந்தத் தூளையும் பெரிய நிறுவனத்தின் பொதியையும் வாங்கி, உங்களுடையதுடன் சேர்த்து வெள்ளைத் தட்டுகளில் கொட்டி, துணுக்கின் அளவையும் தண்டு, நார் கலந்திருப்பதையும் கவனியுங்கள். பின்னர் 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் வீதம் 6 நிமிடம் ஊறவிட்டுச் சுவைத்துப் பாருங்கள். சர்வதேசத் தர முறையும் இதுவே. தரம் ஓரளவு பிடிபட்டதும், கொழும்பு தேயிலை ஏலத்தின் தரகர் நிறுவனங்கள் வாராந்தம் வெளியிடும் அறிக்கையில் அந்தத் தரத்தின் விலையைப் பார்த்து, அதனுடன் பொதியிடல், போக்குவரத்து, கடைக்காரரின் இலாபம் ஆகியவற்றைக் கூட்டினால், எதிராளியால் எவ்வளவு தூரம் விலையிறக்க முடியும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். இந்தக் கணக்கைப் போடாமலே விலையைக் குறைத்து, மலையகத்துச் சிறு முயற்சியாளர்கள் மூலதனத்தை இழப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

அவர்களால் எளிதில் செய்ய முடியாததையும் தேடுங்கள். ஆண்டு முழுவதும் ஒரே சுவை தருவதற்காகப் பெரிய நிறுவனங்கள் பல பகுதித் தேயிலைகளைக் கலக்கின்றன. உங்கள் திம்புள்ளப் பகுதியிலோ, ஆண்டின் முதல் மாதங்களில் வறண்ட குளிர்காற்று வீசும்போது கிடைக்கும் கொழுந்துக்குத் தனி மணம் உண்டு. அதைக் கலக்காமல், பருவத்தைக் குறிப்பிட்டுப் பொதி செய்தால், விலையை மட்டும் வைத்து உங்களை ஒப்பிடுவது கடினமாகிவிடும்.

எல்ல வாசகர்: எங்கள் விடுதிக்கு அருகில் புதிய விடுதிகள் பெருகுகின்றன. எவற்றைக் கவனிப்பது?

அவற்றைப் பற்றி விருந்தினர் இணையத்தில் எழுதும் கருத்துகளில், நடுத்தர மதிப்பெண் கொடுத்தவர்களுடையதை வாசியுங்கள். மிகையாகப் புகழ்வோரும் கோபத்தில் திட்டுவோரும் சொல்லாத விவரம் அங்கேதான் இருக்கும். சுடுநீர் வருவதில்லை, பொதிகளுடன் படியேற முடியவில்லை என்பவை திரும்பத் திரும்ப வந்தால், உங்களிடம் அவை சரியாக இருப்பதைப் படத்துடன் காட்டுங்கள்.

நுவரெலியா வாசகர்: போட்டி நிறுவனத்திலிருந்து வேலை கேட்டு வந்த ஒருவர், அவர்களது வாடிக்கையாளர் பட்டியலையும் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

கூடாது. அவரது திறமைக்காக வேலை கொடுங்கள். பட்டியலைத் தொடவே வேண்டாம். வெளியிடப்படாத வர்த்தகத் தகவல்களுக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. போட்டி நிறுவனம் கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பெற்றிருந்தால், அதன் காலாண்டு, ஆண்டு அறிக்கைகளை எவரும் வாசிக்கலாம். அது எந்த ஊரில், எந்தப் பணிக்கு ஆள் தேடுகிறது என்ற விளம்பரமே, அடுத்து எங்கே கால் வைக்கப்போகிறது என்பதைப் பல வேளைகளில் காட்டிவிடும்.

பதுளை வாசகர்: இத்தகைய ஆய்வை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை செய்வது?

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போதும். புதிய கிளை, புதிய பொருள், விலைமாற்றம் போன்ற முடிவு காத்திருந்தால் உடனே செய்யுங்கள். ஒவ்வொரு போட்டியாளருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் என்ன மாற்றினார், அதற்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், அதற்கு யார் பொறுப்பு என்று எழுதுங்கள். எதுவும் செய்யத் தேவையில்லை என்று தீர்மானித்தால், அதையும் காரணத்துடன் எழுதி வையுங்கள்.